வீடு எழும்ப முன் மண்ணைப் படிப்பவர்கள்

புதுவருசத்துக்குக் கைவிசேஷம் வாங்கப் போகிற வீடுகளில் இப்போது ஒரே கதைதான். ஆர் எங்கே வீடு வாங்கினது, ஆர் வித்தது, மோட்கேஜ் எவ்வளவு. ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ற்றில் இருந்த சனம் மார்க்கத்துக்குப் போய், மார்க்கத்தில் இருந்த சனம் ஸ்ரோவ்விலுக்கும் பிக்கரிங்குக்கும் ஏஜக்சுக்கும் போய்விட்டது. நேற்றுவரை சோளம் நின்ற வயலில் இன்று அறுநூறு வீடு நிற்கிறது. அந்த வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு கூட்டம் வந்துபோகிறது. அவர்களை எங்களில் கனபேர் கண்டிருக்கமாட்டீர்கள். நானும் தற்செயலாகத்தான் கண்டேன்.

நான் வேலை செய்கிற தொழிற்சாலை மார்க்கத்தின் வடக்குப் பக்கம். பிளாஸ்ரிக் மூடி வார்க்கிற வேலை. பின்கதவைத் திறந்தால் ஒரு பெரிய வயல். ஒரு வைகாசி மாதம், முதல்நாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. காலைப் பிரேக்கில் தேத்தண்ணிக் கப்போடு நிற்கிறேன், உழுத வயலுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில், ஆளுக்காள் ஒரே அளவு இடைவெளி விட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார்கள். தாலிக்கொடியைத் துலைத்துவிட்டுத் தேடுகிற ஆட்களின் நடை. இடையிடையே ஒருவர் குனிந்து எதையோ பார்த்துவிட்டு ஒரு சின்னக் கொடியை அதிலே குத்திவிட்டுப் போகிறார். எங்கட லைனில் நிற்கிற ஒருவர், "காணி அளக்கிறாங்கள்" என்றார். மற்றவர், "இல்லை, காஸ் பைப் தேடுறாங்கள்" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருசம் அக்காவின் மூத்த மகள் அதே வேலைக்குப் போனாள்! யூனிவர்சிட்டியில் மானிடவியல் படித்தவள். தொல்பொருளியல் ஆலோசனைக் கொம்பனி ஒன்றில் கோடைகால வேலை. அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்து அழாக்குறை. "தம்பி, நீயாவது உவளைக் கேள். மண் கிண்டுறதுக்கோ இவ்வளவு காசு கட்டிப் படிப்பிச்சது?" நான் கேட்டேன். அவள் சிரித்தாள். "மாமா, முதல் நீங்கள் ஒருநாள் வந்து பாருங்கோ" என்றாள். போய்ப் பார்க்கிறதுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் அன்று தொடங்கியது என்னுடைய விசாரணை. ஏ.எல்.லில் வரலாறு ஒரு பாடமாக எடுத்தவன் நான். அதற்குப்பிறகு படிக்கக் கிடைக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, அவளிடம் கேட்டுக் கேட்டு அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1975இல் பாரம்பரியச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் தொல்பொருள் இடத்தில் கைவைக்கக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. பிறகு காணித் திட்டமிடல் விதிகளும் சேர்ந்துகொண்டன. பழைய குடியிருப்பு இருந்திருக்கக்கூடிய காணியில் வீடோ றோட்டோ போடுமுன் அதை ஆராயவேண்டும். ஆராய்கிறவர் அரசாங்க உத்தியோகத்தர் இல்லை. முதுமாணிப் பட்டமும் களத்தில் அனுபவமும் உள்ள, அனுமதிப்பத்திரம் பெற்ற ஆலோசகத் தொல்பொருளியலாளர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் தெரியுமோ? அந்தக் காணியில் வீடு கட்டப்போகிற கொம்பனிதான். பண்பாட்டு வள முகாமைத்துவம் என்று பெரிய பெயர். இந்தக் கண்டத்தில் இன்று நடக்கிற தொல்பொருள் வேலையில் பெரும்பகுதி பல்கலைக்கழகம் செய்வது அல்ல, இப்படிக் காசுக்குச் செய்யப்படுவதுதான்.

வேலை நாலு கட்டம். முதலாவது கடதாசி வேலை: பழைய வரைபடம், ஆறு எங்கே ஓடியது, கிட்டத்தில் முன்பு ஏதும் அகப்பட்டதோ என்று பார்ப்பது. இரண்டாவதுதான் நான் தேத்தண்ணிக் கப்போடு கண்டது. வயலை உழவேண்டும், உழுதபிறகு நல்ல ஒரு மழை பெய்திருக்கவேண்டும், அப்போதுதான் தூசி கழுவுப்பட்டுச் சட்டித்துண்டும் கல்லாயுதமும் மினுங்கும். ஆளுக்காள் ஐந்து மீற்றர் இடைவெளியில் நடப்பார்கள். உழமுடியாத பற்றைக்காடு என்றால் ஐந்து மீற்றருக்கு ஒரு குழி, முப்பது சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல். அந்த மண் முழுவதையும் ஆறு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் அரிக்கவேண்டும். எங்கட அம்மாமார் மா அரித்த மாதிரித்தான். அக்காவின் மகள் ஒருநாளைக்கு எத்தனை குழி வெட்டுகிறாள் என்று கைகளைப் பார்த்தால் தெரியும். மூன்றாவது கட்டத்தில் ஒரு மீற்றர் சதுரமாக வெட்டிப் பார்த்து, இடம் எவ்வளவு பெரிது, எவ்வளவு முக்கியம் என்று தீர்மானிப்பார்கள். நாலாவது, ஒன்றில் அந்த இடத்தை அப்படியே விட்டுப் பாதுகாப்பது, இல்லாவிட்டால் முழுக்க வெட்டி எடுத்துப் பதிவது. பதிந்து முடிந்தால் காணி கட்டிடக்காரருக்கு. வெட்டி எடுத்த இடம் வெட்டி எடுத்ததுதான். அந்தப் பக்கத்தை இன்னொருவர் திரும்ப வாசிக்க முடியாது.

மாரியில் நிலம் உறைந்துவிடும், வெளிவேலை இல்லை. அனுபவமுள்ளவர்களுக்கு உள்ளே சட்டித்துண்டு கழுவி எண் எழுதுகிற வேலையும் அறிக்கை எழுதுகிற வேலையும் இருக்கும். புதுப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அக்காவுக்கு அதுதான் கவலை. நியாயமான கவலை.

இந்தத் தொழிலின் வளர்ச்சியை ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். றொன் வில்லியம்சன் என்பவர் 1980இல் ரொறன்ரோவில் ஒரு தொல்பொருள் சேவைக் கொம்பனியைத் தொடங்கினார். கலாநிதிப் பட்டம் பெற்றதே அதற்குப்பிறகு, 1985இல், மக்கில் பல்கலைக்கழகத்தில். இவருடைய வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் யாரோ எதையோ கட்டப்போய் வந்தவை. 1987இல் ஃபோர்ட் ஈறியில் ஏரிக்கரையில் வீடு கட்ட வெட்டிய இடத்தில் எலும்பு வந்தது. 1814இல் அந்தக் கோட்டை முற்றுகையில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள். 1997இல் நோர்த் யோர்க்கில் உதைபந்தாட்ட மைதானத்தில் வேலை செய்யப்போக 87 பேரின் எலும்புகள் உள்ள ஒரு குழி. 2000இல் ரொறன்ரோ நகரில், 1813இல் அமெரிக்கப் படை எரித்த முதலாவது பாராளுமன்றக் கட்டிடத்தின் தடயம். 2000, 2001 ஆண்டுகளில் ஸ்காபரோ லாமரூவில், எங்கட சனம் நிறைந்த அந்தப் பகுதியிலேயே, புதுவீட்டுத் திட்டத்துக்கு முன் 14ஆம் நூற்றாண்டுக் கிராமம் ஒன்று. அதன்பிறகு வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஸ்ரோவ்வில்.

ஸ்ரோவ்விலில் 2003 முதல் 2005 வரை வெட்டினார்கள். மேல்மண்ணை இயந்திரத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மண்வெட்டியால் வழித்தால், கீழே வெளிறிய மண்ணில் கறுத்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு கம்பம் நின்ற இடம். கம்பம் உக்கிப் போய்விட்டது, அதன் நிழல் மாதிரி ஒரு கறை மட்டும் மிச்சம். அந்தக் கறைகளை ஒன்றுவிடாமல் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் ஒரு நீளவீட்டின் சுவர் வரும். பிறகு அடுத்த வீடு. இப்படி 98 நீளவீடுகள்! எல்லாம் ஒரே காலத்தில் நின்றவை அல்ல. என்றாலும் 1,500 முதல் 2,000 பேர் வரை அங்கே ஒன்றாக வாழ்ந்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். சுற்றிவர மூன்று வரிசையில் மரவேலி. ஒரு வீட்டுக்குள் ஓர் இரும்புக் கோடரித் துண்டு கவனமாகப் புதைக்கப்பட்டுக் கிடந்தது. அட்லாண்டிக் கரைக்குத் திமிங்கிலம் பிடிக்க வந்த பாஸ்க் மாலுமிகளிடமிருந்து கைமாறிக் கைமாறி அங்கே வந்தது என்று கண்டுபிடித்தார்கள். வெள்ளைக்காரனை நேரில் காணாமலே அவனுடைய இரும்பைப் பூமிக்குள் அடக்கம் செய்த மனிதர் யாரோ, என்ன நினைத்துச் செய்தாரோ!

அந்தக் கிராமம் 1500களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்றுதான் முதலில் எழுதினார்கள். 2018இல் வேறு ஆய்வாளர்கள் கரிம முறையில் திரும்பக் கணக்கிட்டு, இல்லை, 1600ஆம் ஆண்டை ஒட்டியது என்றார்கள். பல தலைமுறை வித்தியாசம்! திரும்பக் கணக்குப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், கருகிய சோளமணி முதற்கொண்டு எல்லாவற்றையும் பெட்டியில் எண்போட்டு வைத்திருந்ததுதான்.

இந்தச் சனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு ஒரு இடம் நெஞ்சில் தட்டியது. அவர்களுடைய முந்திய கிராமங்களில் ஒன்று பிக்கரிங்கில் இருந்தது. ட்ரேப்பர் என்று தொல்பொருளியலாளர் அதை அழைப்பார்கள். அதை வெட்டியது ஏன் தெரியுமோ? 1972இல் மத்திய அரசு பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டவென்று 18,600 ஏக்கர் காணியை எடுத்தது. கமக்காரர் கத்திக் குழறியும் எடுத்தது. விமான நிலையம் வந்தால் பழைய கிராமம் அழியும் என்று 1970களில் அவசர அவசரமாக வெட்டினார்கள். 1975இலேயே கட்டிடவேலை நிறுத்தப்பட்டது. ஐம்பது வருசம் இழுபட்டு, 2025 ஜனவரியில் இனிக் கட்டவே மாட்டோம் என்று அரசு சொல்லிவிட்டது. எழும்பாத விமான நிலையத்துக்காகக் கிராமம் வெட்டப்பட்டது. வலிகாமம் வடக்கில் பிறந்த எவருக்கும், விமான நிலையத்துக்காகக் காணி போன கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, காசு கொடுக்கிறவன் கட்டிடக்காரன் என்றால், அறிக்கை எழுதுகிறவர் அவன் பக்கம் சாயமாட்டாரோ? இதை அக்காவின் மகளிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "மாமா, அறிக்கை அமைச்சுக்குப் போகும். அவையள் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளுறது. பொய் எழுதினால் அனுமதிப்பத்திரம் போகும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் கெதியாய் முடியுங்கோ, மலிவாய் முடியுங்கோ எண்ட நெருக்குதல் எப்பவும் இருக்கும்" என்றும் சொன்னாள். நானும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. தரம் பார்க்கிறவருக்கும் சுப்பவைசருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வந்தால் கன்வேயர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். என்றாலும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஸ்ரோவ்விலின் 98 வீடுகளும் ஒருநாள் காலையில் புல்டோசரோடு போயிருக்கும். இப்போது அதிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2025 ஜூனில் மாகாண அரசு கொண்டுவந்த சட்டத்தில், வீடமைப்பு, போக்குவரத்து போன்ற தேவைகளுக்காக ஒரு காணியை இந்த ஆய்விலிருந்து விலக்கி விடலாம் என்று அதிகாரம் எடுத்துக்கொண்டார்கள். வீடு தேவை என்று கேட்கிற சனத்தில் நாங்களும் இருக்கிறோம் என்பதை மறைத்து எழுதுவது சரியில்லை.

எலும்புகளின் கதைக்கு வருகிறேன். வென்டாட் மக்கள், பழைய புத்தகங்கள் ஹூரோன் என்று எழுதும் மக்கள், மண் வளம் குறைய, விறகு தூரமாகப் போக, சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கிராமத்தை மாற்றுவார்கள். மாறும்போது செத்தவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை. புதைத்த எலும்புகளை எடுத்து, கழுவி, நல்ல தோலில் சுற்றி, ஒரு பெரிய குழியில் எல்லாரையும் ஒன்றாகக் கலந்து அடக்கம் செய்வார்கள். 1636இல் ஒசொசனே என்ற இடத்தில் பிரெபூஃப் என்ற யேசுசபைப் பாதிரியார் இதை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். ஸ்காபரோவில் பெல்லமி றோட்டுக்கும் லோறன்ஸ் அவெனியுவுக்கும் பக்கத்தில் ஒரு புல்மேடு இருக்கிறது. ரேபர் ஹில் என்று பெயர். 1956இல் இயந்திரம் மண் அள்ளப்போய் அதற்குள் ஐந்நூறு பேரளவில் எலும்புகள் வந்தன. திரும்ப அதிலேயே அடக்கம் செய்து, ஒரு நினைவுக்கல்லும் வைத்து, சுற்றிவர வீடு கட்டினார்கள். அந்தப் பக்கம் நான் மூன்று வருசம் வாடகைக்கு இருந்தேன். அந்த மேட்டில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறதைப் பார்த்திருக்கிறேன். இன்னதென்று எனக்குத் தெரியாது.

இதையும் பாருங்கோ. ஃபோர்ட் ஈறியில் 1987இல் அகப்பட்ட 28 அமெரிக்கப் படைவீரர்களும் அடுத்த வருசமே இராணுவ மரியாதையுடன் தங்கட நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒசொசனேயில் 1940களின் கடைசியில் தோண்டி எடுத்த வென்டாட் எலும்புகள் ரொறன்ரோ நூதனசாலையில் அரை நூற்றாண்டு கிடந்து, 1999இல்தான் எடுத்த இடத்துக்கே திரும்பின. பல்கலைக்கழகப் பெட்டிகளில் கிடந்த கிட்டத்தட்ட 1,760 பேரின் எலும்புகள் 2013 செப்ரெம்பரில் கிளைன்பேர்க்கில் அடக்கம் செய்யப்பட்டன. செத்தவர் செத்தவர்தான். கேட்க நாடு உள்ளவருக்கு ஒரு வருசம், நாடு இழந்தவருக்கு ஐம்பது வருசம்.

வென்டாட் மக்கள் நாடு இழந்தது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். 1630களில் வந்த கொள்ளைநோய் அவர்களில் பாதிப்பேரளவில் கொண்டுபோனது. 1649இல் இரோகுவாக் கூட்டமைப்பின் படைகள் கிராமங்களை எரித்தன. மிச்சச் சனம் ஜோர்ஜியன் குடாவில் ஒரு தீவுக்கு ஓடி, அந்த மாரி முழுக்கப் பட்டினியால் செத்தது. 1650இல் முன்னூறு பேரளவில் கியூபெக்குக்குப் போனார்கள். மற்றவர்கள் மேற்கே போய், பிறகு ஒகையோ, கன்சஸ், ஒக்லஹோமா என்று சிதறினார்கள். தீவு, பட்டினி, சிதறல்... இதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. கியூபெக் நகருக்குப் பக்கத்தில் வென்டாக்கே என்ற ஊரில் அவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். 2011இல் வந்த புதிய விதிகளின்படி, ஆதிக்குடிகளின் இடம் ஒன்றை நாலாவது கட்டமாக வெட்டமுன் அவர்களோடு கலந்து பேசவேண்டும். இப்போது பல இடங்களில் அவர்களின் பிரதிநிதி ஒருவர் களத்திலேயே நிற்பார். அக்காவின் மகள் வெட்டின ஒரு இடத்தில் நின்றவர், சட்டித்துண்டு ஒன்று வந்தவுடன் அதைக் கையில் எடுத்து, விளிம்பில் பதிந்திருந்த விரலடையாளத்தில் தன்னுடைய பெருவிரலை வைத்துப் பார்த்தாராம். ஸ்ரோவ்வில் இடத்துக்கும் இப்போது ஜோன் பப்ரிஸ்ற் லெயினே என்று ஒரு வென்டாட் போர்வீரரின் பெயர். கிட்டத்தில் வென்டாட் கிராமம் என்ற பெயரில் ஒரு பாடசாலை. அதிலே எங்கட பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

எங்களுக்கு ஊரில் தொல்பொருள் திணைக்களம் என்றால் பலகை நட்டுக் காணி போகிற பயம். அதனால் இந்தத் தொழிலைப் பற்றி நல்லதாக நினைக்க எனக்குக் கனகாலம் எடுத்தது. ஆனால் 2018இல் மன்னாரில் கட்டிடம் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டப்போய் எலும்புகள் வந்தபோதும், 2025இல் செம்மணியில் மயானக் கட்டிடவேலையில் வந்தபோதும், நீதிமன்றத்தின் கீழ் மண்ணைத் தும்புத்தும்பாய் வழித்தவர்களும் தொல்பொருளியலாளர்தான். செம்மணியில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், பால்குடிப் பிள்ளைகள் உட்பட. ஒரு புத்தகப்பை. ஒரு விளையாட்டுப் பொம்மை. கறுத்த வட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே நிற்காவிட்டால் அதுவும் மண்ணோடு மண்தான். அக்கா அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து மகளின் வேலையைப் பற்றி வாய்திறப்பதில்லை. போன கிழமை அவளுக்குத் தண்ணி போகாத புதுச்சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறா.

எனக்கு ஒரு வயது நிரம்பமுன் 1990 ஆனியில் எங்கட குடும்பம் ஊரை விட்டது. 2018இல் காணி விட்டபோது அப்பா போனார். வீடு இல்லை. மதில் இல்லை, வேலி இல்லை, தென்னை இல்லை. செம்மண்ணும் பற்றையும். கிணற்றுக்கட்டில் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருந்ததாம். கிணற்றிலிருந்து காலடி வைத்து எண்ணி, இதிலே குசினி, இதிலே சாமியறை என்று ரெலிபோனில் காட்டினார். அவர் அனுப்பின படங்களை நான் எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு வெறும் மண்தான் தெரிந்தது.

இந்தத் தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது அக்காவின் மகளிடம் காட்டினேன். படத்தைப் பெருப்பித்து, சரித்து, கனநேரம் பார்த்தாள். "மாமா, இதிலே பாருங்கோ, மண்ணின்ர நிறம் வேறை. நேராய் ஓடுது. இதுதான் அத்திவாரம் வெட்டின கான். தாத்தா சொன்ன இடத்திலயிருந்து கொஞ்சம் கிழக்காலை" என்றாள். இந்த நாட்டில் அகப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் நாலு எழுத்தும் ஒரு எண்ணும் உண்டு. ஸ்ரோவ்வில் கிராமத்துக்கு ஏ-எல்-ஜி-ரி 334. 1952இல் போர்டன் என்பவர் வகுத்த முறை. "இதுக்கும் ஒரு நம்பர் போடேலுமோ?" என்று பகிடியாகக் கேட்டேன். "அது கனடாவுக்கு மட்டும்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து சதுரக்கோட்டுக் கடதாசியை எடுத்தாள். கிணற்றை வட்டமாகக் கீறினாள். பிறகு வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அங்கே விடியச்சாமம் என்றும் பாராமல் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தோம்.